தனியாகக் கடல் கடப்பதும் அதைக் காமிராவில் பிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மரப் படகில் ஒற்றை ஆளாகப் பெருங்கடல் தாண்டுகிறவர்கள் போடும் யூடியூப் வீடியோக்களை இப்போது நம் ஆட்களும் நிறையப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்கள். நான் தனியாகப் போனவன் இல்லை. பினாங்கில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஜனவரி மாதம், லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் வரை 38 அடிப் படகு ஒன்றில் மூன்றாவது ஆளாகப் போனேன். பன்னிரண்டு நாள். வீடியோ எடுத்தது நான்தான். அன்றிலிருந்து தனி ஓட்டக்காரர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் பார்த்தும் வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

வீடியோவில் பார்ப்பதுதான் அந்த வாழ்க்கையா?

அதில் ஒரு பகுதி. எங்கள் பன்னிரண்டு நாளை வெட்டி ஒட்டியபோது பதினான்கு நிமிடம் வந்தது. டால்பின் வந்தது, சூரியன் மறைந்தது, ஒரு மீன் மாட்டியது எல்லாம் அதில் இருக்கிறது. கழிவறைப் பம்பைக் கழற்றி மாட்டிய நான்கு மணி நேரம் இல்லை. ஈரம் காயாத படுக்கை இல்லை. ஒரே கயிறு ஒரே இடத்தில் உராய்ந்து தேய்கிறதா என்று தினமும் காலையில் விரலால் தடவிப் பார்த்தது இல்லை. ஆனால் படகைக் கரை சேர்த்தது அந்தத் தடவிப் பார்த்ததுதான். தனியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். நாள் முழுக்கப் பழுது பார்ப்பு, நடுநடுவே தூக்கம். துணிச்சலைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அவர்கள் தங்கள் குறிப்பேடுகளில் அதிகம் எழுதுவது தேய்ந்த கயிற்றைப் பற்றியும் கிழிந்த பாயைப் பற்றியும்தான்.

தனியாகப் போகிறவர் எப்போது தூங்குவார்?

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான், கேட்க வேண்டியதும் இதுதான்.

கப்பல் நடமாட்டம் உள்ள இடத்தில் பெரும்பாலோர் இருபது நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாகத் தூங்குவார்கள். அலாரம் அடித்ததும் எழுந்து சுற்றிலும் ஒரு பார்வை, திசைகாட்டியில் ஒரு பார்வை, மறுபடி படுக்கை. இருபது நிமிடம் என்பதற்குக் கணக்கு உண்டு. பெரிய சரக்குக் கப்பல் மணிக்கு 20 கடல் மைல் போகும். எதிரே நம் படகு 6 மைல் போகிறது என்றால், இருபது நிமிடத்தில் இரண்டுக்கும் இடையே எட்டு மைலுக்கு மேல் குறைந்துவிடும். தாழ்ந்த படகிலிருந்து ஒரு கப்பலின் விளக்கு கண்ணில் பட்ட நேரத்துக்கும் அது மேலே வந்து நிற்கும் நேரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.

காலியை நெருங்குவதற்கு முந்தைய இரவில் இதைக் கண்ணால் பார்த்தேன். இலங்கையின் தெற்கே, தெய்வேந்திர முனைக்கு வெளியே, கிழக்கும் மேற்குமாகக் கப்பல்கள் சாரிசாரியாகப் போகும் பாதை இருக்கிறது. இரவு இரண்டு மணி, என் காவல். தூரத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள், ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில். கீழே சிவப்பு. சிவப்பு மட்டும் தெரிந்தால் கப்பல் தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குறுக்கே போகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை விளக்குகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வந்து நின்றன. சிவப்போடு பச்சையும் சேர்ந்து தெரிந்தது. அப்படியென்றால் அது நேராக நம்மைப் பார்த்து வருகிறது. படகுக்காரரை எழுப்பினேன், வானொலியில் கூப்பிட்டோம், அவர்கள் திருப்பிக்கொண்டார்கள். விளக்கை முதலில் பார்த்ததிலிருந்து எல்லாம் முடியும்வரை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் மூன்று பேர். தனியாள் அந்த இருபது நிமிடத்தைத்தான் தூங்குகிறார்.

சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி, எந்நேரமும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. தனியாக நீண்ட தூரம் போகிறவர் யாரும் அதை முழுதாகக் கடைப்பிடிக்க முடியாது. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். இப்போது ஏஐஎஸ் என்ற கருவி, பக்கத்தில் வரும் கப்பலின் பெயர், வேகம், திசை எல்லாம் காட்டி அலாரமும் அடிக்கும். பெரிய உதவிதான். ஆனால் சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது இருக்காது.

தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது?

காற்றே பிடிக்கும். படகின் பின்புறம் ஒரு மெல்லிய பலகை நிற்கும். காற்று அடிக்கும் கோணம் மாறினால் பலகை சாயும், அந்தச் சாய்வு தண்ணீரில் இருக்கும் துடுப்பைத் திருப்பும், துடுப்பு கயிறு வழியாகச் சுக்கானை இழுக்கும். மின்சாரம் வேண்டாம். மின்சாரத்தில் ஓடும் ஆட்டோபைலட்டும் உண்டு, அது பேட்டரியைத் தின்னும். காற்றுச் சுக்கானில் ஒரே சங்கடம், காற்று திசை மாறினால் படகும் கூடவே திரும்பிவிடும். எழுந்து பார்த்தால் வந்த வழியே போய்க்கொண்டிருப்பீர்கள்.

உலகை முதலில் தனியாகச் சுற்றியது யார்?

ஜோஷுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற 37 அடிப் படகில் கிளம்பி, 1898 ஜூனில் அமெரிக்கா திரும்பினார். அங்கங்கே நின்று போனார். 1909இல் அதே படகில் போனவர் திரும்பவில்லை.

1968 பந்தயம் என்கிறார்களே, அது என்ன?

எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றுவது யார் என்று லண்டன் பத்திரிகை ஒன்று வைத்த கோல்டன் குளோப் போட்டி. ஒன்பது பேர் கிளம்பினார்கள், முடித்தது ஒருவர். காமிராவையும் தனிமையையும் சேர்த்து யோசிக்கிற யாரும் இதில் மூன்று பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 32 அடிப் படகு ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. 1968 ஜூன் 14இல் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, 1969 ஏப்ரல் 22இல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். போன வழியில் வானொலி கெட்டது, நியூசிலாந்துக்கு அப்புறம் மாதக்கணக்கில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்திரேலியா பக்கம் காற்றுச் சுக்கான் உடைந்தது. பாய்களைச் சரியாக வைத்தே படகைத் தானாக ஓட வைத்து மிச்ச உலகத்தையும் சுற்றினார்.

இரண்டாவது ஆள் பெர்னார் முவாட்டெசியே, இந்தோசீனாவில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். பரிசு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே ஒரு கப்பல் தென்பட்டது. ஒரு சிறு டப்பாவில் செய்தியை வைத்து, உண்டிவில்லால் அந்தக் கப்பலின் தளத்துக்கு அடித்தார். நாம் மாங்காய் அடிப்போமே, அதே கவண். போட்டியை விடுகிறேன், நிற்காமல் போகிறேன், கடலில் சந்தோஷமாக இருக்கிறேன் என்பது செய்தியின் சாரம். ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் பாதி உலகத்தை இன்னொரு தடவை சுற்றி தஹிதியில் போய் இறங்கினார்.

மூன்றாவது ஆள் டொனால்டு க்ரோஹர்ஸ்ட். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்து, தயாராகாத படகில் கிளம்பினார். தென்கடலுக்குப் போனால் படகு தாங்காது, திரும்பினால் கடன். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார். பிபிசி அவரிடம் 16 மி.மீ. காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்திருந்தது. பொய் சொல்லிக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் அவற்றில் பதிவு செய்துகொண்டிருந்தார். 1969 ஜூலையில் படகு ஆளில்லாமல் கிடைத்தது. படகில் இருந்த குறிப்பேடுகள்தான் உண்மையைச் சொல்லின. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

காமிராவின் முன்னால் உற்சாகமாகப் பேசுகிற தனியாளைப் பார்க்கும்போது அவர் நிஜமாகவே நன்றாக இருக்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பார்க்கிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு மனிதரைத் திரும்ப முடியாத இடத்துக்குத் தள்ளிவிடும்.

நம் நாட்டிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள், பெருமையாகச் சொல்லலாம். கடற்படை அதிகாரி திலீப் தோண்டே கோவாவில் கட்டிய 56 அடி ‘மாதேய்’ படகில் 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து கிளம்பி, நான்கு துறைமுகங்களில் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1இல் கிளம்பி, எங்கும் நிற்காமல், 2013 மார்ச் கடைசியில் மும்பைக்கு வந்துவிட்டார்.

கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’யில் 2017 - 18இல் உலகைச் சுற்றினார்கள். அப்புறம் 2024 அக்டோபர் 2இல் அதே தாரிணியில் இரண்டே பெண்கள் கோவாவிலிருந்து கிளம்பினார்கள்: கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடங்களில் நின்று, தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29இல் திரும்பினார்கள். ஏறக்குறைய எட்டு மாதம். புதுச்சேரிப் பெண் ஒருவர் பாய் விரித்து ஹார்ன் முனையைச் சுற்றியது நம் ஊரில் இன்னும் பத்து மடங்கு பேசப்பட்டிருக்க வேண்டும்.

பழைய காலத்தில் தமிழர்கள்?

தனி ஓட்டம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்கு முன்பே ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகளே அன்னபூரணியை அட்லாண்டிக் கடந்து ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

நடுக்கடலில் ஆபத்து என்றால் யார் வருவார்கள்?

முதலில் பக்கத்தில் இருக்கிற இன்னொரு படகோ கப்பலோதான். பெருங்கடல் தாண்டும் படகுகளில் பெரும்பாலும் அவசரக் குறியீட்டுக் கருவி ஒன்று இருக்கும். தட்டிவிட்டால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு இடம் போய்ச் சேரும். ஆள் வந்து சேர நாள்கணக்காகலாம்.

அபிலாஷ் டோமிக்கு நடந்ததைப் பாருங்கள். 2018இல், பழைய போட்டியின் ஐம்பதாம் ஆண்டுக்காக மறுபடி நடத்திய கோல்டன் குளோப்பில், சுஹைலியைப் போலவே கட்டிய ‘துரியா’வில் போனார். செப்டம்பர் 21, தென் இந்தியப் பெருங்கடல், கடும்புயல். படகு உருண்டது, பாய்மரம் ஒடிந்தது, முதுகெலும்பு முறிந்தது. நடக்க முடியவில்லை, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று செய்தி அனுப்பினார். மூன்று நாள் படுத்தபடியே கிடந்தார். சக போட்டியாளர் அயர்லாந்தின் கிரெகர் மக்கக்கின், தன் பாய்மரமும் ஒடிந்த நிலையில், அவரை நோக்கிப் படகைத் திருப்பினார். 24ஆம் தேதி பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ‘ஓசிரிஸ்’ வந்து அவரை எடுத்தது.

அதே மனிதர் முதுகில் டைட்டேனியம் கம்பிகளோடு நடக்கப் பழகி, 2022இல் மறுபடி அதே போட்டியில் கிளம்பி, 2023 ஏப்ரல் 29இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், அந்தப் போட்டியில் வென்ற முதல் பெண். போகிற வழியில், படகு மூழ்கிய பின்லாந்துக்காரர் ஒருவரைக் காப்பாற்றிவிட்டுப் போய் வென்றார்.

கடலில் தவறி விழுந்துவிட்டால்?

தனியாள் விழுந்தால் படகு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் விழாமல் இருப்பது ஒன்றே வழி. தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை கட்டியிருக்கும். உடம்பில் கட்டிய வாரின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், பகலோ இரவோ. ஒரு வீடியோவில் ஆள் கொக்கி மாட்டாமல் படகின் முன்முனையில் நின்று பேசினால் அந்த இடத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, டின் மீன். நம் பிரஷர் குக்கர் படகுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம். மூடி பூட்டிக்கொள்ளும், அலையில் சாய்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். அடுப்பு தொட்டில் மாதிரித் தொங்கும், படகு சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். குடிக்க ஆளுக்குத் தினம் மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். உப்புநீரைக் குடிநீராக்கும் கருவி பலரிடம் உண்டு, கெட்டுப்போனால் என்ன செய்வது என்று தனியாகக் கேனிலும் எடுத்துப்போவார்கள்.

எந்தக் காமிரா நல்லது?

காமிராவைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், முதலில் மைக். எங்கள் பயணத்தில் முதல் மூன்று நாள் நான் எடுத்த பேச்சு எல்லாமே வீண். காற்று மைக்கில் மோதிச் சடசடவென்று தகரத்தில் மழை பெய்கிற சத்தம். ஆள் வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. நான்காம் நாள் ஒரு கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டி மைக்கில் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டேன். சத்தம் அடங்கியது. அந்தக் காலுறைத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

காமிரா என்றால், தண்ணீர் புகாத சின்ன ஆக்‌ஷன் காமிரா ஒன்று போதும், கோப்ரோ மாதிரி. கண்ணாடியில் உப்புநீர் காய்ந்தால் துணியால் துடைக்காதீர்கள், உப்புப் படிகம் கீறிவிடும். அரை டம்ளர் நல்ல தண்ணீரில் கழுவி, அப்புறம் ஒற்றி எடுங்கள். எடுத்ததை அன்றன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, தண்ணீர் புகாத பையில் தனித்தனியே வையுங்கள். சோலார் தகடு தரும் மின்சாரத்தில் வழிகாட்டும் கருவிகளுக்கும் விளக்குக்கும்தான் முதல் உரிமை.

வீடியோவில் அலை ஏன் சின்னதாகத் தெரிகிறது?

அகலக் கோண லென்ஸ் தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கும். ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி, படகின் குலுக்கலை அழித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் நான்கு மீட்டர் அலை குளத்து அலை மாதிரி ஆகிவிடும். படகின் பின்புறத்தைச் சட்டத்தில் வைத்து, அதற்குப் பின்னால் அலை எழும்பி நிற்பதை எடுத்தால் கொஞ்சம் உயரம் தெரியும். இன்னொன்று, மிக மோசமான நேரத்தில் இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். அதனால் அது பதிவே ஆகாது.

ட்ரோன்?

தனியாள் என்றால் வேண்டாம் என்பேன். ‘கிளம்பிய இடத்துக்குத் திரும்பு’ என்ற பொத்தானை அழுத்தினால் அது கிளம்பிய இடத்துக்கே போகும். அங்கே இப்போது படகு இருக்காது, வெறும் கடல்தான்.

இதில் சம்பாதிக்க முடியுமா?

சிலரால் முடிகிறது. விளம்பர வருமானத்தைவிட, மாதாமாதம் சின்னத் தொகை தரும் ஆதரவாளர்கள்தான் பலரை மிதக்க வைக்கிறார்கள். 2014இல் தொடங்கிய ‘செய்லிங் லா வேகபாண்ட்’ யூடியூப் சேனல் தம்பதியைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். 2019 நவம்பரில் கிரேட்டா துன்பெர்கை அமெரிக்காவிலிருந்து லிஸ்பனுக்குத் தங்கள் படகில் ஏற்றிப்போனவர்கள் அவர்கள்தான். ஆனால் அது இரண்டு பேர் செய்கிற வேலை.

தனியாள் படகையும் ஓட்டி, படமும் எடுத்து, வெட்டி ஒட்டவும் வேண்டும் என்றால் எதிலிருந்து நேரம் போகும்? தூக்கத்திலிருந்துதான். பெரிய குழுப் பந்தயங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. வோல்வோ ஓஷன் ரேஸில் 2008 - 09 முதல் படம் எடுக்கவென்றே தனியாக ஓர் ஆள் படகில் ஏறினார். அவர் பாயைத் தொடக் கூடாது, படகு ஓட்டுகிறவர்கள் படத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாண்டே குளோப் என்ற பந்தயத்தில் உலகைத் தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஓட்டவும் வேண்டும், வீடியோ அனுப்பவும் வேண்டும். அவர்கள் படும் பாட்டுக்கு நாம் தரும் பார்வை எண்ணிக்கை குறைவுதான்.

தனிமை தாங்க முடியுமா?

ஆளைப் பொறுத்தது. ஒரு காவலில், பின்னிரவு நேரத்தில், நான் காமிராவிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். படத்தில் இருட்டுதான் இருக்கிறது, குரல் மட்டும். அம்மா வைக்கும் ரசத்தைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசியிருக்கிறேன். கீழே இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கே அப்படி. தனியாகப் போகிறவர்களுக்குக் காமிரா ஒரு துணை என்பதை அன்று புரிந்துகொண்டேன். அந்தப் பதினொரு நிமிடத்தை யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை.

எனக்கும் ஆசை. எங்கே தொடங்குவது?

சின்னப் படகில். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகில் கவிழ்ந்து நிமிரப் பழகுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தால் சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம் வேறொருவர் படகில் ஆளாகப் போய் ஓர் இரவாவது கடலில் காவல் நில்லுங்கள். லங்காவியிலிருந்தும் புக்கெட்டிலிருந்தும் இலங்கை நோக்கி வரும் படகுகள் ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும். அந்த நேரத்தில் லங்காவிப் படகுத்துறைகளில் ‘ஆள் தேவை’ என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். சமைக்கத் தெரியும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னை ஏற்றிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.